முதல் கேஸிலேயே மருத்துவமனைக்கு!

போதை வழக்கில் சிக்கும் தொழிலாளிக்குச் சட்டமே ஒரு வழி வைத்திருக்கிறது. திருவள்ளூர் மாவட்டத்தின் தொழிற்பேட்டைகளில் அதை யார் அவருக்குச் சொல்வது?

சென்னை சென்ட்ரலிலிருந்து வடக்கே கிளம்பும் புறநகர் ரயில்களில் பல கும்மிடிப்பூண்டியோடு நின்றுவிடும். அதற்கு மேல் எளாவூர், ஆரம்பாக்கம், அப்புறம் ஆந்திரா. கொல்கத்தா நெடுஞ்சாலையில் எளாவூர் சோதனைச்சாவடியில் ஆந்திர பஸ்ஸை ஓரங்கட்டி, பைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பது இந்தப் பக்கத்து மக்களுக்குப் பழகிப்போன காட்சி. விசாகப்பட்டினத்து மலைக்காடுகளிலும், ஒடிசாவின் மல்கான்கிரி, கோராபுட் பக்கமும் விளையும் கஞ்சா தமிழ்நாட்டுக்குள் நுழையும் வாசல்களில் இது ஒன்று. 2022 பிப்ரவரியில் ஆந்திர போலீஸார் அனகாப்பள்ளி அருகே சுமார் 2 லட்சம் கிலோ கஞ்சாவைக் குவித்துத் தீ வைத்தார்கள். பிடிபட்டு எரிந்ததே இவ்வளவு. பிடிபடாமல் தெற்கே வந்தது எவ்வளவு என்பதை அவரவர் ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

கடத்துகிறவர், மொத்தமாக வாங்கிப் பிரிக்கிறவர், பொட்டலம் போட்டு விற்கிறவர் ஆகியோரைப் பற்றிப் பத்திரிகைகள் நிறையவே எழுதிவிட்டன. இந்தக் கட்டுரை அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியில் நிற்கும் ஆளைப் பற்றியது.

அந்த ஆளைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். வயது 22. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஓர் உருக்காலையில் ஒப்பந்தத் தொழிலாளி. உலைச்சூட்டில் நின்று செய்யும் வேலை, மாறி மாறி வரும் இரவு ஷிஃப்ட். தூக்கம் வருவதற்கு என்று யாரோ பழக்கிவிட்ட பொட்டலம், இப்போது அது இல்லாமல் தூக்கமே இல்லை. ஒருநாள் விடியற்காலை தண்டவாளத்து ஓரம் போலீஸ் ரோந்தில் மாட்டுகிறார். சட்டைப்பையில் இரண்டு பொட்டலம். எடை பத்து கிராம் தேறினால் அதிகம்.

அடுத்து நடப்பது எல்லோருக்கும் தெரியும். 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 20(பி) பிரிவில் வழக்கு. கஞ்சாவில் ஒரு கிலோவுக்குக் கீழே 'சிறு அளவு', 20 கிலோவுக்கு மேல் 'வணிக அளவு'. சிறு அளவுக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வணிக அளவில் மாட்டியவருக்கு இருக்கும் கடுமையான ஜாமீன் கட்டுப்பாடு இதற்குக் கிடையாது. மாஜிஸ்திரேட் கோர்ட்டில் சுருக்கமுறையில் விசாரித்து முடித்துவிடக்கூடிய வழக்கு. "ஒத்துக்கிட்டு ஃபைனைக் கட்டிட்டுப் போயிடு, ஏன் வாய்தா வாய்தாவா அலையுற?" என்பதுதான் கோர்ட் வளாகத்தில் இப்படிப்பட்டவருக்குக் கிடைக்கும் அறிவுரை. அவரும் ஒத்துக்கொள்கிறார். அபராதம் கட்டுகிறார். மாலையில் அறைக்குத் திரும்பி, அலைச்சலை மறக்க இன்னொரு பொட்டலம் வாங்குகிறார்.

வழக்கு முடிந்தது என்று அவர் நினைக்கிறார். அது முடிவதில்லை. ஒத்துக்கொண்டதால் அவர் இப்போது தண்டனை பெற்றவர். நல்ல கம்பெனிகளில் நிரந்தர வேலைக்குப் போனால் போலீஸ் சரிபார்ப்பு கேட்பார்கள். தேர்வாய்கண்டிகையிலோ எல்லைக்கு அந்தப்பக்கம் ஸ்ரீசிட்டியிலோ இருக்கும் பெரிய ஆலைகளின் கதவு அங்கேயே மூடிக்கொள்ளும். மறுபடி மாட்டினால், முன்பே தண்டனை பெற்றவர் என்பதால் 31ஆம் பிரிவின்படி தண்டனை ஒன்றரை மடங்கு வரை ஏறலாம். மூன்றாவது நான்காவது வழக்குக்குப் பிறகு அந்தப் பெயர் காவல் நிலையத்தின் பதிவேட்டில் நிலையாகக் குடியேறிவிடும். வேலை கிடைக்காதவருக்கு வேலை தரக் காத்திருக்கிறவர் ஒருவர் உண்டு. பொட்டலம் விற்கிறவர்தான் அவர். குடிக்கிறவர் விற்கிறவராக மாறும் இடம் பெரும்பாலும் இதுதான் என்பது என் கணிப்பு.

சட்டம் திறந்து வைத்த கதவு

இதே சட்டத்துக்குள் 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. போதைக்கு அடிமையான ஒருவர், உட்கொண்ட குற்றத்துக்கோ சிறு அளவு வைத்திருந்த குற்றத்துக்கோ வழக்கில் சிக்கியிருந்தால், தானாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகரித்த மையத்திலோ சிகிச்சை பெற்றால், அந்தக் குற்றத்துக்காக அவர் மேல் வழக்கு நடத்தக் கூடாது. சிகிச்சையை முழுதாக முடிக்காமல் பாதியில் விட்டால் அந்த விலக்கைத் திரும்பப் பெறலாம். சுருங்கச் சொன்னால், கோர்ட்டுக்குப் பதில் ஆஸ்பத்திரி.

அதற்கு முன்னால் 39ஆம் பிரிவும் இருக்கிறது. அது குற்றவாளி என்று தீர்ப்பான பிறகு வருவது. நீதிபதி உடனே தண்டனை விதிக்காமல், அந்த நபரின் சம்மதத்தோடு, பிணைப்பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு சிகிச்சைக்கு அனுப்பலாம். ஓராண்டுக்குள் மருத்துவ முடிவோடு அவர் திரும்ப வந்து நிற்க வேண்டும். தேறியிருந்தால் எச்சரித்து, மூன்றாண்டு வரை போதைப் பக்கம் போக மாட்டேன் என்ற உறுதிப்பத்திரத்தோடு விட்டுவிடலாம். சாதாரணக் குற்றங்களுக்குக் கிடைக்கும் நன்னடத்தை விடுதலையை இந்தச் சட்டத்தின் 33ஆம் பிரிவு பெரும்பாலோருக்கு மறுத்துவிடுகிறது. அப்படியிருக்க, சிகிச்சைக்காக மட்டும் இந்த வழியைத் தனியாக விட்டு வைத்திருக்கிறார்கள். கடுமைக்குப் பேர்போன சட்டம் இது. அதை எழுதியவர்களே நோயாளியையும் வியாபாரியையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது என்று எண்ணியிருக்கிறார்கள்.

64ஏ பிரிவைப் பயன்படுத்தி வெளியே வந்தவர் யார்? நாடறிந்த உதாரணம் ஒன்று உண்டு. 2001இல் கோகைன் வழக்கில் மும்பையில் கைதான இந்தி நடிகர் ஃபர்தீன் கான், போதை மீட்புச் சிகிச்சை பெற்றதைக் காட்டி, 2012இல் சிறப்பு நீதிமன்றத்தில் 64ஏ பிரிவின்கீழ் விலக்கு பெற்றார். சட்டம் அவருக்கு வேலை செய்தது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நல்ல வக்கீல் வைக்க வசதியுள்ளவருக்கே பதினோரு ஆண்டு ஆயிற்று. அறை வாடகைக்கு அடுத்த மாதச் சம்பளத்தை நம்பியிருக்கிறவருக்கு?

அதற்கு ஓரளவு பதில் பஞ்சாபிலிருந்து கிடைக்கிறது. போதை வழக்குகளுக்குப் பெயர்போன அந்த மாநிலத்தில் 2013 முதல் 2015 வரையிலான வழக்குகளை 'விதி' சட்டக் கொள்கை மையம் ஆராய்ந்தது. ஆயிரக்கணக்கான வழக்குகள். நீதிமன்றம் ஒருவரைச் சிகிச்சைக்கு அனுப்பியதாக ஒரு வழக்கைக்கூட அவர்களால் காட்ட முடியவில்லை. பிற்பாடு பஞ்சாப் போலீஸ் விழித்துக்கொண்டு, பிடிப்பதோடு சிகிச்சையையும் தடுப்பையும் சேர்த்துப் பேச ஆரம்பித்தது; 64ஏ என்ற எண் அங்கே போலீஸ் அதிகாரிகளின் வாயிலேயே அடிபடத் தொடங்கியது. தமிழ்நாட்டில் அந்த எண் இன்னும் சட்டப் புத்தகத்தை விட்டு வெளியே வந்ததாகத் தெரியவில்லை.

கிலோ கணக்கு

தமிழ்நாடு சும்மா இருந்தது என்று சொல்ல முடியாது. 2021 டிசம்பரில், சைலேந்திரபாபு டி.ஜி.பி.யாக இருந்தபோது 'ஆபரேஷன் கஞ்சா வேட்டை' தொடங்கியது. அடுத்தடுத்து 2.0, 3.0, 4.0 என்று நீண்டது. 2022 ஆகஸ்டில் முதல்வர் மு.க.ஸ்டாலின் 'போதைப்பொருள் இல்லாத தமிழ்நாடு' உறுதிமொழியை எடுக்க வைத்தார். பள்ளி, கல்லூரி மாணவர்கள் வரிசையில் நின்று கை நீட்டினார்கள். மதுவிலக்கு அமலாக்கப் பிரிவும் போதைப்பொருள் நுண்ணறிவுப் பிரிவும் ஒரே குடையின்கீழ் வந்தன. வியாபாரிகளின் வங்கிக் கணக்குகள் முடக்கப்பட்டன, குண்டர் சட்டம் பாய்ந்தது.

எல்லா அறிக்கைகளிலும் வரும் எண்கள் இவைதாம்: எத்தனை பேர் கைது, எத்தனை கிலோ பறிமுதல், எத்தனை கணக்கு முடக்கம். எத்தனை பேரைச் சிகிச்சைக்கு அனுப்பினோம் என்ற எண்ணுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. கேட்கப்படாத எண்ணுக்காக எந்த இன்ஸ்பெக்டரும் வேலை செய்ய மாட்டார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. மாதாந்திரக் கூட்டத்தில் எஸ்.பி. அவரிடம் என்ன கேட்கிறாரோ அதைத்தான் அவர் கொண்டுபோவார். 2022 ஜனவரியில் ஆவடி கமிஷனரகம் பிரிந்த பிறகு, திருவள்ளூர் மாவட்டத்தின் காவல் இரண்டு தலைமைகளின்கீழ் இருக்கிறது. இரண்டு இடத்திலும் கேள்வி மாறினால்தான் பதில் மாறும்.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. ஒரு கிலோவுக்குக் கீழே எடுத்துப்போனால் சிறு அளவு என்பது வியாபாரிக்கும் தெரியும். 900 கிராமோடு மாட்டும் விற்பனையாளரும் பத்து கிராமோடு மாட்டும் நம் உருக்காலைத் தொழிலாளியும் 20(பி)யின் ஒரே உட்பிரிவில்தான் வருகிறார்கள். "நான் அடிமை, எனக்குச் சிகிச்சை கொடுங்கள்" என்று இரண்டு பேருமே சொல்லலாம். 64ஏ பற்றிக் கேட்டாலே போலீஸ்காரர்கள் முகம் சுளிப்பதற்கு இது நியாயமான காரணம். அந்தக் காரணத்தைத் தீர்த்துவைக்கக் கூடியவர் போலீஸும் இல்லை, வக்கீலும் இல்லை. அவர் ஒரு டாக்டர்.

'ரிமாண்டுக்குத் தகுதி' என்ற ஒரு வரி

சட்டப்படி அடிமை என்பவர் போதைப்பொருளைச் சார்ந்து வாழ்கிறவர். அதாவது, எப்போதோ ஒருமுறை இழுத்தவர் இதில் வர மாட்டார்; விட நினைத்தும் விட முடியாதவரே வருவார். அதை முடிவு செய்ய வேண்டியது மருத்துவம்.

கைதான ஒவ்வொருவரையும் ஏற்கெனவே டாக்டரிடம் அழைத்துப்போகத்தான் செய்கிறார்கள். ரிமாண்டுக்கு முன் மருத்துவப் பரிசோதனை சட்டப்படி கட்டாயம். கும்மிடிப்பூண்டியிலோ பொன்னேரியிலோ உள்ள அரசு மருத்துவமனையில், வரிசையில் நிற்கும் புறநோயாளிகளுக்கு நடுவே, இரண்டு போலீஸ்காரர்களோடு ஓர் இளைஞர் நிற்பார். டாக்டர் உடம்பில் காயம் உண்டா என்று பார்ப்பார், ரத்த அழுத்தம் பார்ப்பார், ரிமாண்டுக்குத் தகுதி என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்திடுவார். முடிந்தது. அவருடைய வாழ்க்கையில் ஒரு மருத்துவர் போதையைப் பற்றி அவரிடம் பேசியிருக்கக்கூடிய முதல் சந்தர்ப்பம் அந்தச் சில நிமிடங்களில் கடந்து போய்விடுகிறது.

உலக சுகாதார நிறுவனம் வகுத்த 'அசிஸ்ட்' என்றொரு கேள்வித்தாள் இருக்கிறது. மொத்தம் எட்டுக் கேள்விகள். கடைசி மூன்று மாதத்தில் எத்தனை முறை எடுத்தீர்கள், எடுத்தே ஆக வேண்டும் என்ற உந்துதல் வருகிறதா, இதனால் வேலையோ குடும்பமோ கெட்டதா, குறைக்க முயன்று தோற்றீர்களா என்ற வகைக் கேள்விகள். பயிற்சி பெற்ற செவிலியரே பத்து நிமிடத்தில் முடித்துவிடலாம். அந்தத் தாள் ரிமாண்ட் சான்றோடு சேர்ந்து மாஜிஸ்திரேட்டின் மேஜைக்குப் போனால், 900 கிராம் வியாபாரியும் பத்து கிராம் நோயாளியும் அன்றைக்கே கொஞ்சம் பிரிந்து தெரிவார்கள். சந்தேகம் இருந்தால் மனநல மருத்துவர் விரிவாகப் பார்க்கட்டும். இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம். மாவட்ட சுகாதாரத் துறையும் காவல் துறையும் சேர்ந்து அனுப்பும் ஒரு சுற்றறிக்கை போதும்.

எல்லோருக்கும் படுக்கை தேவைப்படாது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். 2019இல் வெளியான எய்ம்ஸ் மருத்துவர்களின் தேசியக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் கஞ்சா, பாங்கு வகைகளை எடுப்பவர்கள் சுமார் 3.1 கோடி. அவர்களில் மருத்துவ உதவி தேவைப்படுகிறவர்கள் சுமார் 72 லட்சம். நான்கில் ஒருவருக்கும் குறைவு. மற்றவர்களுக்குச் சரியான நேரத்தில் ஒரு கண்டிப்பான பேச்சே போதுமானதாக இருக்கலாம். அவர்களையும் பிடித்து வார்டில் போட்டால், உண்மையில் தேவைப்படுகிறவருக்கு இடம் இருக்காது.

கஞ்சாவுக்கென்று மாற்று மருந்து கிடையாது. ஹெராயின் போன்ற அபின் வகைகளுக்கு நாக்கின் அடியில் வைக்கும் ப்யூப்ரெனார்ஃபின் இருக்கிறது; கஞ்சாவுக்கு அப்படி ஒன்றும் இல்லை. நிறுத்திய முதல் வாரத்தில் தூக்கமின்மை, எரிச்சல், சோறு இறங்காமை எல்லாம் உச்சத்தில் இருக்கும். இரண்டு வாரத்தில் பெரும்பாலும் தணிந்துவிடும். அதற்குப் பிறகுதான் உண்மையான வேலையே: வாராவாரம் உட்கார்ந்து பேசுவது, எந்த நேரத்தில், யாரோடு, எதற்காக எடுத்தோம் என்று பிரித்துப் பார்ப்பது, குடும்பத்தையும் கூட உட்கார வைப்பது. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை இந்தக் குடும்ப முறையைத் தமிழ்நாட்டுக்குப் பழக்கியது. குடிநோய்க்காகத் தொடங்கிய அந்த முறை கஞ்சாவுக்கும் பொருந்துகிறது. ஆனால் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து ஒரே அறையில் பலரோடு படுக்கும் தொழிலாளிக்கு, உட்கார வைக்கக் குடும்பம் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. ஆலோசகருக்கு ஒடியாவோ இந்தியோ தெரியாது. கும்மிடிப்பூண்டியில் சிகிச்சையைப் பற்றிப் பேசுகிறவர்கள் மொழியைப் பற்றியும் பேசியாக வேண்டும்.

தூரம் இன்னொரு சிக்கல். திருவள்ளூரில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. ஆனால் கும்மிடிப்பூண்டியிலிருந்து திருவள்ளூருக்கு நேர் ரயில் கிடையாது. சென்னைக்குப் போய் வேறு தடத்தில் மாற வேண்டும், அல்லது பஸ்ஸில் சுற்ற வேண்டும். மாவட்டத் தலைநகரைவிடக் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்குப் போவதே இவர்களுக்கு எளிது. 2025 பிப்ரவரியில் அரசு 'கலங்கரை' என்ற பெயரில் 25 ஒருங்கிணைந்த போதை மீட்பு மையங்களைத் தொடங்கியது நல்ல காரியம். ஆனாலும் ஒருநாள் சிகிச்சைக்கு ஒருநாள் கூலி போகும் என்றால் ஒப்பந்தத் தொழிலாளி இரண்டாவது வாரமே வர மாட்டார். பாதியில் விட்டால் விலக்கும் போய்விடும். அதனால், மாவட்ட மனநலத் திட்டத்தின் ஆலோசகர் சிப்காட் பக்கமே வாரத்தில் ஒரு மாலை வந்து உட்காருவது, பெரிய கட்டடம் ஒன்றைத் திறப்பதைவிடப் பயன் தரும்.

சிகிச்சை என்ற பெயரில்

சிகிச்சை என்று பெயர் சூட்டிவிட்டால் எல்லாம் நல்லதாகிவிடாது. பக்கத்திலேயே இலங்கையைப் பாருங்கள். போதைக்கு அடிமையானவர்களைச் சிகிச்சைக்கு அனுப்ப அங்கே 2007லேயே தனிச் சட்டம் வந்தது. பொலன்னறுவை மாவட்டத்தில் கந்தகாடு புனர்வாழ்வு மையத்துக்கு நீதிமன்றங்கள் ஆட்களை அனுப்பின. அங்கே பொறுப்பில் இருந்தவர்கள் படையினர். 2022 ஜூனில் உள்ளே இருந்த ஒருவர் இறந்ததைத் தொடர்ந்து கலவரம் வெடித்து, நூற்றுக்கணக்கானோர் வேலியை உடைத்துக்கொண்டு ஓடினார்கள். நோயாளிகள் ஆஸ்பத்திரியிலிருந்து அப்படிக் கூட்டமாக ஓடுவதில்லை.

நம் வீட்டிலும் இந்தக் கறை உண்டு. அதே 2022இல், மே மாதம், சென்னை ராயப்பேட்டையில் ஒரு தனியார் மறுவாழ்வு மையத்தில் சேர்க்கப்பட்டிருந்தவர் அடித்துக் கொல்லப்பட்டார். கட்டிவைப்பது, அடிப்பது, வீட்டாரைப் பார்க்க விடாமல் மாதக்கணக்கில் அடைப்பது போன்றவை பற்றிப் புகார்கள் வருவதும், அதிகாரிகள் போய்ப் பூட்டுவதும், வேறு பெயரில் வேறு தெருவில் திறப்பதும் நமக்குப் புதிதல்ல. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி பதிவு பெறாத மையத்துக்கு நீதிமன்றமோ போலீஸோ ஒருவரைக்கூட அனுப்பக் கூடாது. 64ஏ பிரிவில் 'தானாக முன்வந்து' என்ற வார்த்தை சும்மா எழுதப்பட்டதல்ல. ஸ்டேஷனில் நாலு அடி போட்டு, "ஆஸ்பத்திரிக்குப் போறியா, உள்ள போறியா?" என்று கேட்டு வாங்கும் சம்மதத்தைச் சம்மதம் என்று சொல்ல முடியாது. வக்கீல் பக்கத்தில் இருக்கும்போது கொடுக்கும் சம்மதம்தான் சம்மதம்.

போர்ச்சுகல் 2001இல் வேறு மாதிரி செய்தது. பத்து நாள் உபயோகத்துக்கு உட்பட்ட அளவோடு பிடிபட்டவரைக் கோர்ட்டுக்கே அனுப்பாமல், சட்டமும் மருத்துவமும் சமூகப்பணியும் தெரிந்தவர்கள் உட்கார்ந்த சிறு குழுவின் முன் நிறுத்தியது. அடிமை என்று தெரிந்தால் சிகிச்சைக்கு வழிகாட்டும். இல்லையென்றால் பேசி அனுப்பிவிடும். விற்பது அங்கேயும் குற்றம்தான். நம் நாட்டில் 2021இல் சமூக நீதி அமைச்சகம் சொந்த உபயோகத்துக்கான சிறு அளவைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம் என்று யோசனை சொன்னதாகச் செய்தி வந்தது. அது நடக்கும் என்று காத்திருக்கத் தேவையில்லை. இருக்கிற சட்டத்துக்குள்ளேயே கும்மிடிப்பூண்டி கோர்ட் போர்ச்சுகலில் பாதியையாவது செய்ய முடியும்.

இத்தனை பேசும்போது ஒன்று உறுத்துகிறது. 2003 முதல் தமிழ்நாட்டில் மதுவைச் சில்லறையில் விற்பது அரசேதான். முன்பு சொன்ன எய்ம்ஸ் கணக்கெடுப்பு, குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது சிகிச்சை பெற்றதாகச் சொல்கிறது. ஒருவருக்குக் கடை, இன்னொருவருக்குக் கம்பி. தொழிலாளியின் கண்ணில் இந்த நியாயம் எப்படித் தெரியும் என்று அதிகாரிகள் ஒருமுறை யோசித்துப் பார்க்கலாம்.

திருவள்ளூர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு ஒரு வேண்டுகோள். போதைப் பாதிப்புக்கு ஆளானவர்களுக்கு உதவத் தேசியச் சட்டப் பணிகள் ஆணையம் 2015லேயே தனித் திட்டம் வகுத்திருக்கிறது. சிறு அளவு கஞ்சா வழக்கில் முதல்முறை நிற்கும் ஒவ்வொருவரிடமும், குற்றத்தை ஒத்துக்கொள்வதற்கு முன், 39ஐயும் 64ஏவையும் அவருக்குப் புரியும் மொழியில் ஓர் உதவி வழக்கறிஞர் சொல்ல வேண்டும். மாவட்ட எஸ்.பி.யும் ஆவடி கமிஷனரும் மாத அறிக்கையில் சிகிச்சைக்கு அனுப்பியவர்கள் என்று ஒரு கட்டத்தைச் சேர்க்க வேண்டும்.

வீட்டில் மகனோ தம்பியோ இப்படி முதல்முறை மாட்டியிருந்தால், "ஒத்துக்கோ, முடிச்சிடலாம்" என்று யார் சொன்னாலும் அவசரப்படாதீர்கள். 15100 என்ற எண்ணில் இலவசச் சட்ட உதவி கேளுங்கள். 14446 என்ற எண்ணில் போதை மீட்பு ஆலோசனை கிடைக்கும். அரசு மருத்துவமனையில் சேர்ந்த சீட்டையும் ஒவ்வொரு முறை போய் வந்த பதிவையும் பத்திரமாக வையுங்கள். 64ஏ விலக்கைக் கோர்ட்டில் கேட்கும்போது காட்ட வேண்டிய ஆதாரம் அவைதாம்.